மனைவி வரைந்த சமையலறை

முகம் வரைவதில் முகக்காரரை அடித்துக்கொள்ள ஆளில்லை. இருபத்திரண்டு வருடமாகப் புகைப்படக் கடை ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பாதி ஊரின் மூக்கையும் முழியையும் தாளில் இறக்கியவர். அதனால்தான் சிறுவர் புத்தகம் போடும் பதிப்பகத்து அம்மா சொன்னது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"ஆளெல்லாம் அருமை சார். ஆனா எல்லாரும் அந்தரத்துல நிக்கறாங்க. பின்னால ஒரு வீடு, தெரு வேண்டாமா? கத்துக்கிட்டு ஒரு படம் கொண்டாங்க. புடிச்சா புத்தகம் முழுக்க உங்களுக்குத்தான்."

முதல் புத்தகம். விடுவாரா? ஞாயிறு காலை வகுப்பில் சேர்ந்தார். தனியாகப் போகக் கூச்சப்பட்டு மனைவியையும் இழுத்துக்கொண்டு போனார். சும்மா போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

அவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். பென்சில் பிடிப்பதே மளிகைச் சீட்டு எழுதத்தான். மூன்றாவது வாரம் அவரவர் சமையலறையை வரையச் சொன்னாள் வகுப்பு எடுத்த பெண். முகக்காரர் ஸ்கேல் வைத்து வரைந்தார். அடுப்பு, ஜன்னல், வாளி என்று ஒவ்வொன்றும் நேரே பார்த்து நின்றது.

"சார், வாளிகூட பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிக்குதே!" என்றாள் அந்தப் பெண்.

வகுப்பே சிரித்தது. மனைவியும் சிரித்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அவள் தாளில் குழாய்மேல் ஈரத் துணி தொங்கியது. அலமாரிக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. வாசல்படிக்கு அப்பால் கூடம், அதற்கும் அப்பால் கையகலத்துக்குத் தெரு. காலெடுத்து வைத்தால் உள்ளே போய்விடலாம்.

"எப்படிக்கா இது?" என்று மனைவியைக் கேட்டாள் வகுப்பு எடுத்தவள்.

"வேன் கண்ணாடில பின்னாடி போறதெல்லாம் சின்னதாயிட்டே போறதைத் தினம் பாக்கறேனே."

முகக்காரருக்கு வயிறு எரிந்தது. பக்கத்துக் கடைக்காரன் மேல் பொறாமைப்பட்டால் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். பொறாமையே எதிரில் உட்கார்ந்து குழம்பு ஊற்றினால் எங்கே போவது? "உப்பு ஜாஸ்தி" என்றார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு பதினொரு சமையலறை வரைந்தார். பதினொன்றும் சுவரில் ஒட்டிய போஸ்டராகவே வந்தது. பதிப்பகத்தில் படம் கொடுக்க வேண்டிய நாள் வந்ததும், மனைவி வேனை எடுத்துக்கொண்டு போகும்வரை காத்திருந்தார். அவள் படத்தை எடுத்து, கரண்டியும் கையுமாக நிற்பதுபோல் தான் வரைந்த ஒரு பெண்ணை வெட்டியெடுத்து நட்டநடுவில் ஒட்டினார். கீழே தன் கையெழுத்தைப் போட்டார், பாவி மனுஷன்.

பதிப்பகத்து அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சமையலறை பிரமாதம் சார். இந்தப் பொம்பளைதான் நடுவுல நின்னு மறைக்கறா. இவளை எடுத்துட்டா நல்லாருக்கும். வீட்டை மட்டும் வச்சே ஒரு புத்தகம் போடலாம் போலிருக்கே! முழுசும் நீங்க வரைஞ்சதுதானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் புத்தகம் கையில். முகக்காரர் எதிரில் கொண்டுவந்து வைத்திருந்த காப்பியை எடுத்தார். கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"பொம்பளை என்னோடது. சமையலறை என் வீட்டுக்காரி வரைஞ்சது."

"அப்போ அவங்களை வரச் சொல்லுங்க" என்றார் அந்த அம்மா, சாதாரணமாக.

சாயங்காலம் வேனை நிறுத்திவிட்டு வந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். திருடியதையும் மறைக்கவில்லை. புத்தகம் அவளுக்கு என்று கேட்டும் அவள் துள்ளவில்லை. சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்கதானே வரைஞ்சதுன்னு அவங்க கேட்டப்போ, உடனே இல்லைன்னு சொன்னீங்களா?"

இதற்காவது பொய் சொல்லியிருக்கலாம்.

"இல்ல. காப்பி குடிச்சு முடிச்சுட்டுத்தான் சொன்னேன்."

"சூடா இருந்துச்சா?" என்றாள் அவள்.