ஒரு ஸ்பூன் மண் எடுத்துக்கலாங்களா?

மண் அள்ளுகிற தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: லாரி லாரியாக அள்ளுகிறவனை யாரும் எதுவும் கேட்பதில்லை, ஒரு ஸ்பூன் அள்ளுகிறவனை ஊரே சூழ்ந்துகொண்டு கேட்கும்.

நான் ஸ்பூன் ரகம். தஞ்சாவூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை. இப்போதெல்லாம் பல நோய்க்கிருமிகள் எந்த மருந்துக்கும் மசிவதில்லை. அவற்றை அடக்கும் புது மருந்தை மண்ணில் வாழும் பாக்டீரியா ஏதாவது சுரக்கிறதா என்று தேடுகிறோம். நாம் விழுங்கும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளில் பலவும் அப்படி மண்ணிலிருந்து வந்தவைதான். இதை வயல் வரப்பில் நின்று விளக்கிப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தவர்கள் மட்டும் மேலே படித்து ஆறுதல் அடையலாம்.

எந்தக் கம்பெனி?

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். நானும் என்னோடு வேலை பார்க்கும் ராஜாத்தியும் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தோம். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நிமிர்ந்தார்கள். அடுத்த நிமிஷம் சேற்றுக் கால்களோடு எங்களைச் சுற்றி ஒரு வேலி. "மீத்தேன் எடுக்க வந்தீங்களா? எந்தக் கம்பெனி? பைப்ப எங்க எறக்கி வெச்சிருக்கீங்க?"

வயலைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயம் அவர்கள் குரலில் இருந்தது. எங்கள் குரலில் வேறு பயம். அடையாள அட்டையை நீட்டினேன். யாரும் சட்டை செய்யவில்லை. ராஜாத்திதான் சமயோசிதமாக ஸ்பூனை நீட்டினாள். கூட்டத்தில் மூத்தவராகத் தெரிந்த அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மற்றவர்களிடம் சொன்னார்: "விடுங்கடி. இத வெச்சு இவங்க தோண்டி மீத்தேன் எடுக்கிறதுக்குள்ள நம்ம பேத்திங்க அறுப்பு அறுத்துருவாளுங்க."

சரிபாதி

பாபநாசம் அருகே இரண்டு அண்ணன் தம்பிகள். பேச்சுவார்த்தை இல்லை. அவர்கள் வயல்களுக்கு நடுவே ஒரு பொது வரப்பு. நான் அண்ணன் பக்கம் குனிந்து மண் எடுத்ததைப் பார்த்த அண்ணன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். தம்பி ஏதோ மந்திரவாதியை ஏவி, செய்வினை வைக்க மண் எடுக்கச் சொல்லியிருக்கிறான் என்பது அவர் முடிவு.

பாக்டீரியா, மருந்து, ஆஸ்பத்திரி என்று வியர்க்க வியர்க்க விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். மந்திரவாதி பேண்ட் போட்டு வரமாட்டான் என்றுகூட ஒத்துக்கொண்டார். ஆனாலும் என்னை விடவில்லை. வரப்பைத் தாண்டிக் கைகாட்டி, "எதுக்கும் அவன் பக்கத்துலயும் இதே அளவு எடுத்துக்கங்க, எது வந்தாலும் ரெண்டு பேருக்கும் வரட்டும்" என்றார்.

சோதனைச் சாவடி

காரைக்கால் பக்கம் கடலோர மண் எடுத்துக்கொண்டு நாகூர் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். மதுவிலக்குச் சாவடியில் போலீஸ்காரர் எங்கள் ஐஸ் பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். குனிந்து மூடியைத் திறந்தார். உள்ளே பை பையாகச் சேறு. ஒன்றை மோந்து பார்த்தார். இன்னொன்றையும் மோந்து பார்த்தார். கடைசியில் ஏமாற்றம் தாங்காமல் சொன்னார்: "காரைக்கால் வரைக்கும் போயிட்டு மண்ண வாங்கிட்டு வர்ற மொத ஆளு நீதான்யா."

பெயர் வைக்கும் விழா

கலியமூர்த்தி அண்ணன் அம்மாப்பேட்டைப் பக்கம் குத்தகைக்குப் பயிர் செய்பவர். எந்தக் கேள்வியும் கேட்காமல் மண் எடுக்க விட்ட ஒரே மனிதர். மேற்கொண்டு இளநீரும் வெட்டிக் கொடுப்பார். அவர் வயல் மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவை, மருந்துக்கு அடங்காத ஒரு கிருமியோடு ஒரே தட்டில் வளர்த்தோம். அதைச் சுற்றி மட்டும் அந்தக் கிருமி அண்டவே இல்லை. பளிச்சென்று ஒரு வளையம். ராஜாத்தி ஆய்வகத்திலேயே குதித்தாள்.

அந்தச் சமயம் பார்த்து அண்ணன் காலில் முள் குத்தி, சர்க்கரை நோயால் புண் புரையோடி, ஆஸ்பத்திரியில் கிடந்தார். எந்த மருந்துக்கும் புண் ஆறவில்லை. பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம வயல்லேருந்து அள்ளிட்டுப் போனீங்களே தம்பி, அது இதுக்கு ஆவாதா?" என்று கேட்டார். "ஆகலாம்ண்ணே. ஆனா இப்ப ஆகாது. மனுஷ உடம்பு தாங்குமான்னு பாக்கவே வருஷக்கணக்கா ஆகும்" என்றேன். தலையாட்டினார். வெளியே வந்து வாங்கிய டீயைக் குடிக்க முடியவில்லை.

டாக்டர்கள் கடைசியாக மிச்சமிருந்த ஒரு மருந்தைப் போட்டார்கள். அது கேட்டது. இரண்டு விரல் போயிற்று, கால் தப்பியது. அறுவடை சமயத்தில் போனபோது வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அறுப்பு மெஷின்காரரை விரட்டிக்கொண்டிருந்தார். நான் அவருடைய கால் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. வேறு கவலையில் இருந்தார். பக்கத்தில் கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னார்: "புதுக் கிருமின்னா பேரு வெப்பீங்களாமே? பட்டா அவரு பேர்ல இருக்குன்னு நெலத்துக்காரர் பேர வெச்சுடாதீங்க தம்பி, சாணி போட்டு வளத்தது நானு."

மருந்து வரப் பல வருஷம் ஆகும், கிருமிகளுக்கோ அவசரம் அதிகம், நடுவில் நாங்கள் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்கிறோம்.