தேவநேசன் கரண்டியால் தட்டிய கதை

ரங்கூன் தின்கன்ஜூன் சந்தைக்கு எதிரே இருந்த டீக்கடையில் தேவநேசனைத் தெரியாதவர் கிடையாது. அரசுப் பள்ளியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் மிஷன் பள்ளிச் சாக்கு ஓட்டத்தில் மூன்றாவதாக வந்ததற்கு, தர்க்க சாஸ்திரப் புத்தகம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்த பாதிரியாருக்கு என்ன கோபமோ! முதலில் வந்தவன் கால்பந்தை வாங்கிக்கொண்டு போய்ப் பிழைத்துக்கொண்டான். இவர் புத்தகத்தைப் படித்தார். அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் 'அதெப்படி ஆகும்?' என்று கேட்கிற வியாதி பிடித்துக்கொண்டது.

ஆனால் ராணுவ ஆட்சி நடந்த அந்த நாளில், டீக்கடையில் உட்கார்ந்து அரசியல் பேச்சில் அப்படி வாய்விட்டுக் கேட்டுவிட முடியுமா? பக்கத்து மேசைக்காரனுக்கு எத்தனை காது என்று யார் கண்டார்கள்? அதனால் தேவநேசன் கரண்டியை எடுத்தார். மேசைக்கு மேசை சும்மா வைக்கிற பச்சைத் தேநீர்க் கூஜாவில் தட்டுவார். விஷயத்தை விட்டுவிட்டு ஆளைத் திட்டினால் ஒரு தட்டு. முன்னால் நடந்ததுதான் பின்னால் நடந்ததற்குக் காரணம் என்றால் இரண்டு. 'ஒன்று இது, இல்லாவிட்டால் அது, நடுவில் ஒன்றுமே கிடையாது' என்றால் மூன்று. சொன்னதையே காரணமாகக் காட்டி அரைத்த மாவை அரைத்தால் நான்கு.

அதிகம் தட்டு வாங்கியவர் கைலிக்கடை அப்துல் ரவூப்.

"கரண்டு வரலைன்னு எதிர்வீட்டுக்காரன் கத்துறான். பொண்டாட்டிகிட்ட அடி வாங்குறவன் பேச்சு எடுபடுமா?"

டிங்.

"தலைநகரத்தைப் பின்மனா பக்கம் கொண்டுபோனாங்க. மறுவாரமே என் மூட்டுவலி நின்னுபோச்சு. நல்ல காரியம்தானே?"

டிங், டிங்.

"அட போங்க தேவநேசன்! ஒண்ணு நீங்க என் பக்கம், இல்லேன்னா எனக்கு எதிரி!"

டிங், டிங், டிங்.

கடையே சிரிக்கும். தேவநேசன் அரசாங்கத்தை நல்லது என்றும் சொன்னதில்லை, கெட்டது என்றும் சொன்னதில்லை. புகழ்ந்தவனுக்கும் வைதவனுக்கும் ஒரே கரண்டிதான். அதுதான் வினையாயிற்று. மூலை மேசையில் மூன்று மாதமாக ஒற்றை டீயோடு செல்லையா என்றொருவன் உட்கார்ந்திருந்தான். தமிழ் மேசைக்குத் தமிழ்க் காது வேண்டும் என்று வட்டார அலுவலகம் வைத்த ஆள். இவர் எந்தப் பக்கம் என்று அவனால் எழுதவே முடியவில்லை. கடைசியில், 'சங்கேத ஒலி மூலம் ரகசியச் செய்தி அனுப்புகிறார்' என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

எழுதினானே, ஒரு மாதம் பொறுத்து எழுதியிருக்கக் கூடாதா? அந்த வாரம்தான் தேவநேசனின் மகள் ஆன்மேரிக்குப் பினாங்கில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. பாஸ்போர்ட்டுக்கு வட்டாரத் தலைவர் ஊ சோ லின்னின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். கடிதம் வரவில்லை, 'ஆஜராகவும்' என்று ஆள்தான் வந்தான்.

இருதயம்மாள் கணவரின் சட்டைப்பையிலிருந்து பேனாவைக்கூட எடுத்துவிட்டாள்.

"இந்த வேலைக்குப் பிள்ள மூணு வருஷம் நாயா அலைஞ்சிருக்கு. அங்க போயி தட்டுனீங்கன்னு வைங்க, நான் உங்க தலையில தட்டுவேன்."

அலுவலகத்தில் ஊ சோ லின் மேசைக்குப் பின்னால் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். பக்கத்தில் கோப்போடு செல்லையா. மேசை நடுவில் ஒரு கூஜா, அதன் பக்கத்தில் கரண்டி. தேவநேசன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஊ தேவநேசன், நீங்கள் குற்றவாளி" என்றார் தலைவர் பர்மியில். குற்றவாளி என்றாலும் 'ஊ' என்கிற பர்மிய மரியாதையைக் குறைக்கவில்லை.

"எதனால சொல்றீங்க, ஐயா?"

"ரகசியம் வைத்திருக்கிறீர்கள்."

"ரகசியம்னு எப்படித் தெரியும்?"

"குற்றவாளியிடம் ரகசியம் இல்லாமலா இருக்கும்?"

தேவநேசனின் விரல்கள் துடித்தன. மகளை நினைத்துக்கொண்டு வலக்கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்தார். அப்போது கேட்டது: டிங், டிங், டிங், டிங்.

கரண்டி செல்லையாவின் கையில் இருந்தது! மூன்று மாதம் உட்கார்ந்து கேட்டால் பாவம், அவன்தான் என்ன செய்வான்? முகம் வெளுத்துப்போய்க் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தலைவர் மெல்லுவதை நிறுத்தினார். தட்டுவது குற்றமென்றால் குற்றவாளி அவர் வைத்த ஆள். வைத்தவர் யார் என்று மேலே கேட்பார்களே! வெகுநேரம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"செல்லையா என் ஆள். என் ஆள் நல்லவன். அவன் தட்டுகிறான். ஆகவே தட்டுகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள்."

இப்படியும் ஒரு தர்க்கம் உண்டா! இதற்கு எத்தனை தட்டு என்று தேவநேசன் இன்னும் வகுக்கவே இல்லை. அடிநாக்குவரை வந்த 'அதெப்படி ஆகும்?'-ஐ எச்சிலோடு விழுங்கினார். கடிதத்தில் முத்திரை விழுந்தது. வெளியே வந்து பார்த்தால் கை மரத்துப்போயிருந்தது. நடுத்தெருவில் நின்று அதை உதறிக்கொண்டே சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்து மிங்கலடோன் விமான நிலையத்தில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ஆன்மேரி நின்றாள். இருதயம்மாள் அழுகையை நிறுத்தவே இல்லை.

"ரெண்டே வருஷம்பா. திரும்பி வந்துருவேன். இதுவரைக்கும் நான் சொன்ன சொல் தவறியிருக்கேனா? அப்போ இதுவும் தவறாதுல்ல?"

தேவநேசனின் ஆள்காட்டி விரல் தள்ளுவண்டிக் கம்பிக்கு மேலே தானாக உயர்ந்தது. ஆன்மேரி அதைப் பார்த்துவிட்டாள். அவர் என்ன செய்யப் போகிறார் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவர் அந்தக் கையை அவள் தலைமேல் வைத்தார்.

"நீ சொன்னது ரொம்பச் சரிம்மா" என்றார்.