மூன்று நாள் காவல் பை

தின்கிற சாமானைப் பையில் போட்டு, உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி, வாயை ஒட்டிக் கொடுப்பது என் தொழில். குறிகட்டுவான் படகுத்துறையில் என்னைக் 'காத்துப் பிடுங்கிறவர்' என்பார்கள்.

யாழ்ப்பாண பஸ் வந்து திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் கடை. படகுக்குக் காத்திருப்பவர்களும் வெளிநாட்டுக்குப் பொதி கட்டுபவர்களும் வருவார்கள். பெட்டியைத் தராசில் ஏற்றி இறக்கி, எதை விட்டுவிட்டுப் போவது என்று வீட்டாரோடு சண்டை பிடித்திருப்பீர்கள். அந்தச் சண்டையில் மிஞ்சியதெல்லாம் என்னிடம்தான் வந்து சேரும்.

சரக்குத்தூள்

சரவணை ஊர்த் தவமணி அக்கா முதலில் கொண்டுவந்தது சரக்குத்தூள். பிள்ளை பெற்றவளுக்குக் கறியில் போட்டுக் கொடுக்கும் தூள். கனடாவில் மகளுக்கு இது முதல் பிள்ளை. அக்கா பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறார். மகளின் மாமியாரும் அதே வீட்டில்தான். "எல்லாம் அங்க கடையில இருக்காம், தம்பி. வெறுங்கையோட போனால் நான் விருந்துக்கு வந்த ஆள். அந்த மனிசி என்னைக் குசினிக்குள்ள சமைக்க விடாது" என்றார்.

மிசினும் புதிது, நானும் புதிது. பையின் வாயை மடிக்காமல் மூடியை அழுத்திவிட்டேன். காற்றோடு தூளும் கிளம்பி, மிசினுக்குள் புகுந்து, பின்பக்கத்தால் வெளியே வந்தது. மிளகும் மல்லியும் கடை முழுக்க. மழைக்கு ஒதுங்கி நின்ற பஸ் கொண்டக்டர் தும்மித் தும்மிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து தூளென்றால் முதலில் கடதாசியில் பொதிந்த பிறகுதான் பை. கொண்டக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளை பெறாமலே எனக்குச் சரக்குத் தந்திட்டியள், அக்கா."

ஒடியல் முனை

நெடுந்தீவு விவசாயி ஒருவர் புழுக்கொடியல், அதாவது அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, கொண்டுவந்தார். மாலையில் பலகை மாதிரி இறுகியிருந்த பை காலையில் தொளதொளவென்று கிடந்தது. ஒடியலின் கூர் முனை பையைக் குத்தி, எடுத்த காற்றைத் திரும்ப உள்ளே விட்டிருந்தது. முனைகளுக்குக் கடதாசி மட்டை சுற்றி மறுபடியும் ஒட்டிக் கொடுத்தேன். அவர் கோபிக்கவில்லை. "எங்கட பல்லை உடைக்கிற சாமான், உம்மட பையை விடுமே?" என்றார்.

ஐயாவின் கேள்வி

நயினாதீவிலிருந்து ஒரு குருக்கள் ஐயா பயத்தம் பணியாரத்தோடு வந்தார். அவருடைய மனைவி மகனுக்காகச் செய்தது. மிசினை வெகுநேரம் பார்த்துவிட்டு, "காலமை இதில என்ன போட்டனீர்?" என்று கேட்டார். திருக்கைக் கருவாடு என்று உள்ளதைச் சொன்னேன். சாமான் பைக்குள்தான் இருக்கும், மிசினில் படாது என்றும் விளக்கினேன். வியாழன் மாலையே மிசினைக் கழுவி, வெள்ளிக்கிழமை சைவம் மட்டும் ஒட்டுவது என்ற வழக்கம் அவர் கேட்ட அடுத்த கேள்வியால் வந்தது: "அந்தத் திருக்கைக் காத்தைப் பிடுங்கி எங்க விட்டனீர், என்ர பணியாரத்துக்கு மேலையோ?"

காவல் பை

மாரி மழை பிடித்த பிறகு தவமணி அக்கா பால்சுறாக் கருவாட்டோடு வந்தார். பால் கொடுக்கிறவளுக்குச் சுறா நல்லது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சரக்குத்தூள் கடையில் கிடைக்கலாம், தாய் காய வைத்த சுறா கிடைக்காது என்று அக்கா நம்பியிருந்தார். ஆனால் வெயில் இல்லை. துண்டை மடித்தால் முறியாமல் வளைந்தது.

காற்றை எடுத்தால் எதுவும் பழுதாகாது என்று பலர் நினைக்கிறார்கள். காய்ந்த சாமானுக்கு அது உதவும். ஈரச் சாமானில் காற்றில்லாமலே வளரும் கிருமி இருக்கிறது. அதற்கு என் பை ஒரு நல்ல வீடு. அதனால் சந்தேகமான சாமானில் ஒரு துண்டை மட்டும் ஒட்டி, மூன்று நாள் தட்டில் வைத்துப் பார்ப்பேன். பை ஊதினால் மிச்சத்தை ஒட்டமாட்டேன். ஊதாவிட்டாலும் மடித்தால் முறிய வேண்டும். ஊதிய பையைத்தான் நம்பலாம், ஊதாத பையை முழுதாக நம்ப ஏலாது.

அக்கா ஒவ்வொரு நாளும் பஸ் ஏறி வந்து அந்தப் பையைப் பார்த்தார். இரண்டாம் நாள் அது கொஞ்சம் தளர்ந்தது. "இது உங்கட கடைச் சூட்டுக்கு" என்றார். மூன்றாம் நாள் தலையணை மாதிரி நின்றது.

"ஒட்டித் தாரும், தம்பி. நான் அங்க போய்ப் பார்த்துக்கொள்ளுறன்."

"ஏலாது, அக்கா."

"என்ர பிள்ளை. நான் சொல்லுறன்."

"உங்கட பிள்ளை மட்டுமில்லை, அது பால் குடுக்கப்போற பிள்ளை."

பையை விரலால் அழுத்திப் பார்த்தார். அது திரும்ப எழும்பியது. அக்கா கருவாட்டுப் பொதியைக் கட்டினார். "இதை நாய்க்கும் போட ஏலாது" என்றார்.

அடுப்பு

இனி வரமாட்டார் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, மூடிய சட்டியோடு வந்து இறங்கினார். புதுச் சுறா வாங்கி, அவித்து, உதிர்த்து, தேங்காய்ப்பூப் போடாமல் உப்பும் மிளகும் சேர்த்து, விடியவிடிய வறுத்திருக்கிறார். மரத்தூள் மாதிரிப் பொலபொலவென்று இருந்தது. ஆனால் சட்டி சுட்டது. சூட்டோடு ஒட்டினால் ஆவி உள்ளே வியர்த்து, பழைய கதைதான். சொன்னேன். அக்கா கதிரையை இழுத்துப் போட்டு, அது ஆறும்வரை விசிறினார்.

இந்த முறையும் ஒரு காவல் பை வைத்தேன். மூன்றாம் நாளும் அது பலகை மாதிரி இருந்தது. போய்ச் சேர்ந்ததும் குளிர்ப்பெட்டியின் ஐஸ் தட்டில் வைக்கச் சொல்லி, மிச்சம் எல்லாவற்றையும் ஒட்டிக் கொடுத்தேன். அக்கா பைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். "வெயில் தராட்டில் என்ன, விறகு தந்தது" என்றார்.

அங்கிருந்து

ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் அக்காவின் குரல். பெண் பிள்ளை, தாயும் சேயும் சுகம் என்றார். விமான நிலையத்தில் அதிகாரிகள் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்களாம். சம்பந்தி என்ன சொன்னார் என்று நான்தான் கேட்டேன்.

"முதல் நாள் பையைக் கண்டிட்டு ஒரு கரையில தள்ளி வைச்சா. ரெண்டாம் நாள் சட்டியைத் திறந்து மணந்து பார்த்தா. மூண்டாம் நாள், 'அடுத்த பையையும் வெட்டுங்கோவன், எனக்கும் கொஞ்சம்' எண்டா."

காற்றைப் பிடுங்க என் மிசினுக்கு ஒரு நிமிடம் போதும். ஒட்டினது சரிதானா என்று தெரிய மூன்று நாள் பொறுக்கத்தான் வேண்டும்.