மூடுபனியில் நின்ற யானை

மழையில் ஜீப் ஓட்டம் நின்றுபோன வாரம் அது. மூணாறில் எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் நெட் கிடைப்பதே பெரிய விஷயம். பொழுதுபோக்க ஒரு வேட்டை கேம், கம்ப்யூட்டரில் டவுன்லோடு ஆக மூன்று நாள் பிடித்தது. ஆனாலும் திறந்ததும் வாயடைத்துப் போனேன். மலைச்சரிவில் பனி இறங்குவதை அப்படியே கொண்டுவந்திருந்தார்கள். இலை நுனியில் சொட்டு நிற்பதுகூடத் தெரிந்தது.

அந்தப் பனிக்குள்ளிருந்து வீட்டு உயரத்துக்கு ஒரு யானை வந்தது. அதைக் கொல்ல வேண்டுமாம். நானோ பின்வாங்கி நின்றுவிட்டேன். பன்னிரண்டு வருடமாக எஸ்டேட் ரோட்டில் ஜீப் ஓட்டுகிறவன். யானையைக் கண்டால் ஹாரன் அடிக்காமல் வண்டியைப் பின்னால் எடுத்து, கோபத்தில் காது விடைக்கிறதா என்று பார்த்துக் காத்திருப்பதுதான் பழக்கம். இங்கேயும் காத்திருந்தேன். ஐந்து நிமிடம் அதுவும் சும்மா நின்றது. காதும் விடைக்கவில்லை, தும்பிக்கையும் தூக்கவில்லை.

எரிச்சலில் அடிக்கிற பட்டனைத் தட்டினேன். ஒரே பட்டன், தட்டிக்கொண்டே இருந்தேன். அவ்வளவு பெரிய உடம்பு தீப்பொறி பறக்கச் சரிந்தது. எனக்கு ஒரு கீறல் இல்லை. திரை முழுக்க 'வெற்றி' என்று பொன்னெழுத்து. யாருக்கு வேண்டும் இந்த வெற்றி? இலைக்கு இலை உயிர் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு மிருகத்துக்குக் கோபம் கொடுக்கத் தெரியாதா?

தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு நனைந்து வந்த மனைவி, பின்னால் நின்று பார்த்திருக்கிறாள்.

"ஏங்க, கட்டிப்போட்ட ஆனையையா அடிச்சீங்க?" என்றாள்.