ஈசானிய மூலையில் ஒரு அடுப்பு

நான்கு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் வாடகை வீடு தேடி அலைந்தோம். பெருங்களத்தூரில் தெற்கு வாசல். மாடம்பாக்கத்தில் படிக்கட்டு சரியில்லை. வாஸ்து பார்த்தது நான்தான். மனைவி சலித்துப் போயிருந்தாள்.

பீர்க்கன்கரணையில் பார்த்த மாடி வீட்டில் சமையலறையைத் தவிர எல்லாம் பிடித்திருந்தது. அந்த எரிச்சலில் வீட்டுக்காரரிடமே வெடித்தேன். "ஈசானிய மூலையில யாராவது அடுப்பு வைப்பாங்களா சார்? வீட்டுப் பொம்பளைக்கு ஆயுசே இருக்காது."

அவர் சமையலறை ஜன்னலைத் திறந்துவிட்டார்.

"ஏரிக் காத்து வரும்னு என் வொய்ஃபுக்காக நான்தான் கிச்சனை இங்க மாத்தினேன். அவ போய் ஆறு மாசம் ஆகுது. அதனாலதானா சார்?"

பேசாமல் கீழே இறங்கிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்க அடுத்த ஞாயிறு தனியாகப் போனேன். கொத்தனார் சமையல் மேடையை உடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். இனிமே வர்றவங்களாவது நல்லா இருக்கட்டும்னுதான்," என்றார் வீட்டுக்காரர்.

பிறகு சேலையூரில் திசை எதுவும் பார்க்காமல் ஒரு வீட்டுக்குக் குடிபோனோம். ஆனாலும் அவர் அப்படிக் கேட்டபோது, "இல்லை சார்" என்று உடனே சொல்லாதது இன்றும் உறுத்துகிறது.