சம்பந்தம் கொடுத்த மந்திரி

பேத்தி கல்யாணத்துக்கு அழைக்க தாமலிலிருந்து வந்த கண்ணாயிரம், உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

“உங்க அண்ணன் என்னை ஜெயிச்சதெல்லாம் குருட்டாம்போக்குலதான்பா.”

உமாபதிக்கு அறுபத்திரண்டு வயது. சின்ன காஞ்சிபுரத்தில் இன்னும் தறி நெய்கிறார். அண்ணன் திருஞானசம்பந்தம் போய் மூன்று வருஷம். ஒரு காலத்தில், தறி ஓய்ந்த மத்தியானங்களில் அண்ணனும் கண்ணாயிரமும் சதுரங்கம் ஆடுவார்கள். தெருவே சுற்றி நிற்கும். ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே சம்பந்தம் தன் மந்திரியால் எதிரி ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை வெட்டுவார். ராஜா மந்திரியைத் தின்றதும் குதிரை பாயும். பின்னாலேயே ராணி வந்து செக் வைக்கும். கண்ணாயிரம் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்.

“மிஷினே சொல்லட்டும்ணா,” என்று உமாபதி செல்போனில் சதுரங்கத்தைத் திறந்து அண்ணனின் ஆட்டப்படி காய்களை அடுக்கினார்.

மிஷின் சொன்னது. ராணி செக் வைத்ததும், கண்ணாயிரத்தின் கறுப்பு தன் ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி வழியை அடைத்துவிட்டது. மந்திரியைக் கொடுத்து ஒரு சிப்பாய் வாங்கியதுதான் அண்ணனின் வெள்ளைக்கு மிச்சம்.

“பாத்தியா? முப்பது வருஷமா சொல்லிக்கினு இருக்கறேன். அப்போ எனக்கு இது கண்ணுல படல, அவ்ளோதான்.”

உமாபதி செல்போனைக் கீழே வைத்தார். ஊரே மெச்சிய அண்ணன் கை வெறும் வீம்புதானா? வெளியூர் ஆட்டக்காரர்களோடு அண்ணன் போட்ட சண்டைகள் நினைவுக்கு வந்தன. ‘சிப்பாய் நடக்கணும்யா, தாவக்கூடாது.’

உமாபதி எழுந்து பரண்மேலிருந்த பலகையை இறக்கினார். மரக்காய்களை அதே நிலையில் வைத்து, ராணியை நகர்த்தினார். “செக். இப்போ நீங்க ஆடுங்கணா.”

கண்ணாயிரம் சிரித்துக்கொண்டே சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார்.

“நம்மூர் ஆட்டத்துல சிப்பாய்க்கு முதல் நடையும் ஒரு கட்டம்தானேணா? மிஷின் ஆடுனது வெளியூர் ஆட்டம்.”

கண்ணாயிரத்தின் சிரிப்பு நின்றது. சிப்பாயை ஒரு கட்டம் பின்னால் இழுத்தார். வழி திறந்தே கிடந்தது. ராஜாவை ஒதுக்கிப் பார்த்தார். அங்கேயும் ராணி காத்திருந்தது. குதிரை, யானை எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டு விட்டார்.

“சரியாத்தான் தோத்திருக்கறேன். வீணா அந்த மனுசனைத் திட்டிக்கினு இருந்தேனே.” காய்களை உமாபதி பக்கம் தள்ளினார். “இன்னொரு தபா அடுக்குபா. அந்த மந்திரிய அவரு எப்படிக் குடுப்பாரோ, அப்படியே குடு.”