பின்கதவு இல்லாத பஸ்

காலையில் பதுர்தீனுக்குப் பசி வருவதற்கு முன்னால் குமட்டல் வந்துவிடும். கற்பிட்டித் தரிப்பிடத்தில் நிற்கும் பஸ்ஸில் ஏறிச் சாரதி ஆசனத்தில் உட்கார்ந்தால் போதும். முதல்நாள் ஏற்றிய கருவாட்டு மூட்டையிலிருந்து வடிந்த தண்ணீர் தரைத் தகட்டின் இடுக்கில் ஊறிக் கிடக்கும். ஜன்னல்களுக்குக் கீழே வெற்றிலைத் துப்பல் கோடுகோடாய்க் காய்ந்திருக்கும். ஸ்டியரிங் வளையத்தில் யாரோ எப்போதோ சுற்றிய பிளாஸ்ரிக் நார், கழுவக் கழுவப் பிசுபிசுக்கும். இத்தனையையும் அவர் பொறுத்துக்கொண்டார். கண்ணாடியில் தெரியும் அந்த ஓட்டையைத்தான் பொறுக்க முடியவில்லை. பின்கதவு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம் தெரிந்தது. கதவு எந்த வருடம் கழன்றதென்று யாருக்கும் ஞாபகமில்லை. திரும்பப் போடவேண்டுமென்று யாருக்கும் தோன்றவுமில்லை.

தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களோடு விரட்டப்பட்டு, மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது அவருக்கு ஒன்பது வயது. ஓலைக் கொட்டிலில் வளர்ந்தார். வெங்காய லொறி ஓட்டினார். இருபத்தெட்டு வயதில் வளைகுடா நகரமொன்றுக்குப் பஸ் ஓட்டப் போனார். அங்கே பதினான்கு வருடங்கள் அவர் ஓட்டியது, பார்ப்பவர்கள் பாம்பு பஸ் என்று சொல்லும் நீண்ட பஸ். இரண்டு பெட்டிகள், நடுவில் சுழலும் தட்டு, அதைச் சுற்றி ஆர்மோனியத் துருத்திபோல ரப்பர் மடிப்பு. மூன்று கதவுகள். எந்தக் கதவு திறந்திருந்தாலும் சில்லு அசையாது. நூற்றைம்பது பேர் ஏறுவார்கள். வேலைத்தலத்துச் சீமெந்துத் தூசியோடு வருபவனும் கழுத்துப்பட்டியோடு வருபவனும் தோளில் தோள் படாமல் நின்று போவார்கள்.

அந்தப் பஸ்ஸில்தான் ஒருநாள் பிழை நடந்தது. நேபாளத்துக்காரன் ஒருவன் மூன்றாம் கதவால் இறங்கியபோது அவனது பையின் வார் கதவிடுக்கில் அகப்பட்டுவிட்டது. மெல்லிய வார் என்பதால் கதவு முழுவதும் மூடியதாகவே பஸ் எண்ணிக்கொண்டது. பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. வளையும்போது வால்பக்கம் கண்ணாடிக்குத் தப்பிவிடும். பத்துப் பன்னிரண்டு அடி இழுபட்ட பிறகுதான் உள்ளேயிருந்தவர்கள் கத்தினார்கள். அவனுக்கு இரண்டு முழங்கால்களிலும் தோல் போனது, உயிருக்கு ஒன்றுமில்லை. விசாரித்தவர்களும் சாரதியில் பிழையில்லை என்று எழுதிவிட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து பதுர்தீன் தனக்கென்று ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டார். கடைசிக் கதவு மூடியதைக் கண்ணால் கண்ட பிறகுதான், அல்லாஹ்வின் பெயரால் தொடங்குகிறேன் என்று பிஸ்மி சொல்வார். பிஸ்மி சொன்ன பிறகுதான் பஸ்ஸை எடுப்பார்.

ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்து முத்தலிபு ஹாஜியாரின் கற்பிட்டி - புத்தளம் பஸ்ஸை ஓட்டத் தொடங்கியபோது அந்த ஒழுங்கு அவர் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. மூடுவதற்குக் கதவு இல்லை. ஆகவே பிஸ்மியும் வரவில்லை. வாயைத் திறக்காமல்தான் ஒவ்வொரு நாளும் பஸ்ஸை எடுத்தார். கொண்டக்டர் றிப்தி தகட்டில் இரண்டு தட்டுத் தட்டுவான். மிதிபலகையில் ஆறேழு பேர் தொங்குவார்கள். பின்னால் வரும் பஸ் ஹோர்ன் அடித்துத் துரத்தும். ஆட்களை ஆட்களாக அல்ல, கருவாடாக அடுக்குகிறோம் என்று அவருக்குத் தோன்றும். கதவு போடச் சொல்லி ஹாஜியாரிடம் மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை ஹாஜியார், ஓட்டைக்குக் குறுக்கே கட்டிக்கொள்ளச் சொல்லி ஒரு துண்டு நைலோன் கயிற்றைக் கொடுத்தனுப்பினார்.

ஹாஜரா விழுந்தது அந்தக் கயிறு வந்த மறுகிழமை. நுரைச்சோலையில் ஏறிப் பாலாவிக்கு இப்பால் உப்பு வாய்க்கால்களில் வேலைக்குப் போகும் பெண்களில் அவர் மூத்தவர்; அக்கா என்ற பொருளில் எல்லோரும் தாத்தா என்றே கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவர். ஒரு கால் மிதிபலகையில், மறுகால் நிலத்தில் இருக்கும்போதே றிப்தி தட்டிவிட்டான். பதுர்தீனும் எடுத்துவிட்டார். நிறுத்தி இறங்கி ஓடிப் பார்த்தபோது ஹாஜரா சரளையில் உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். கெண்டைக்கால் உரிந்து மணல் ஒட்டியிருந்தது. சோற்றுப் பெட்டி திறந்து சம்பல் தாரில் சிந்திக் கிடந்தது. உள்ளேயிருந்தவர்கள் நேரம் போகிறதென்று முணுமுணுத்தார்கள். ஒருவன் ஜன்னலால் தலையை நீட்டிச் சம்பலுக்குப் பக்கத்திலேயே துப்பினான்.

"பிஸ்மி சொல்லாம எடுக்கிற பஸ்ஸு," என்றார் ஹாஜரா, பதுர்தீனின் முகத்தைப் பார்க்காமல். "எத்தின மாசமாப் பாக்கிறன், தம்பிட வாய் அசைஞ்சதே இல்ல. ஆக்கள் விழாம என்ன செய்யும்?"

பதுர்தீன் சோற்றுப் பெட்டியை எடுத்து மூடிக் கொடுத்தார். அன்றிரவு மனைவி றிஸ்மியா வைத்த சோற்றில் கை வைத்தபோது தாரில் கிடந்த சம்பல்தான் கண்ணுக்குள் வந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பஸ்ஸை நேரே பாலாவியில் தெரிந்த வெல்டிங் கடைக்குக் கொண்டுபோனார். உடைத்த பஸ்ஸொன்றின் கதவு அங்கே கிடந்தது. துருக்கறளைச் சுரண்டி, இரண்டு பிணைச்சல்களைப் பற்றவைத்து, தாழ்ப்பாளும் போட்டார்கள். ஹாஜியாரிடம் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு கயிறு வரும் என்று தெரியும்.

சனிக்கிழமைக் காலை கற்பிட்டியில் றிப்தி அந்தக் கதவை இழுத்து மூடியபோது, படார் என்று ஒரு சத்தம் வந்தது. பதுர்தீன் கண்ணாடியில் பார்த்தார். ஓட்டை இல்லை. "பிஸ்மில்லாஹ்," என்றார், முன்வரிசைக்குக் கேட்கும்படியாக. இந்தப் பஸ்ஸில் ஏறியதிலிருந்து அந்த ஒரு நாள்தான் அவருக்குக் குமட்டவில்லை.

நுரைச்சோலை வரைக்கும்தான் அது. அங்கே ஹாஜராவும் வேறு எட்டுப் பெண்களும் நின்றார்கள். பஸ் நிறைந்திருந்தது. இருவர் நெருங்கி ஏறினார்கள். அதற்குமேல் கதவு மூடாது. மற்றவர்களை இறங்கி நிற்கச் சொல்லி றிப்தி கதவைச் சாத்தினான். ஹாஜரா உள்ளங்கையால் கதவில் அடித்தார். பிறகு நொண்டி நொண்டிச் சாரதி ஜன்னல் பக்கம் வந்தார்.

அவர் கேட்பதற்கு முன்னாலேயே பதுர்தீனின் வாயில் பழைய வார்த்தை வந்துவிட்டது. "அடுத்த பஸ் பின்னால வருது, தாத்தா."

"எப்ப வரும்? அதுக்குக் கதவு இருக்கா?" என்றார் ஹாஜரா.

பின்னால வருது என்பது, பதினான்கு வருடங்களாக வளைகுடாவில் அவர் சொல்லிவந்த வார்த்தை. அங்கே அது உண்மை. மூன்று நிமிடத்துக்கொரு நீண்ட பஸ் வரும். ஏறமுடியாதவன் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இங்கே துரத்தி வரும் பஸ்ஸும் இதேபோல நிறைந்த பஸ்தான். அதற்குப் பின்னால் நாற்பது நிமிடத்துக்கு ஒன்றுமில்லை. உப்பளத்தில் பெயர் கூப்பிடும் நேரத்துக்கு நிற்காதவருக்கு அன்றைய வேலை இல்லை. அவர்களை விட்டுவிட்டுப் போய்ப் பாலாவிச் சந்தியில் திரும்பும்போதுதான் இது அவருக்கு முழுதாக உறைத்தது. கதவை மட்டும் கொண்டுவந்துவிட்டோம், அதற்குப் பின்னால் வரவேண்டிய பஸ்ஸை எங்கிருந்து கொண்டுவருவது? அன்று ஏழு பெண்கள் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள் என்று பின்னேரம் கேள்விப்பட்டார். இதுவரை பஸ்ஸைப் பார்த்து வந்த அருவருப்பு, அன்று தன்னைப் பார்த்தே வந்தது.

பொழுது சாயும் நேரம் ஹாஜியார் ஆள் கூட்டி வந்து கதவை வெட்டி எடுத்தார். பிணைச்சலைக் கழற்றக்கூடப் பொறுமையில்லை, கிரைண்டரால் அறுத்தார்கள். அவர் கோபப்படவில்லை, அதுதான் பதுர்தீனுக்கு இன்னும் கசந்தது.

"தம்பி, வெளிநாட்டுப் பஸ்ஸு வெளிநாட்டில ஓடும்," என்றார் ஹாஜியார். "கதவு இருக்கிற எடத்துல எனக்கு ஏழு பேர் நிக்கிறாங்க. ஏலுமெண்டா ஓட்டுங்க. நாளைக்கி அம்ஜத் முன்னுக்கு உக்காந்து வருவான், ஏலாட்டி அவன் எடுப்பான்."

மறுநாள் காலை ஹாஜியாரின் மருமகன் அம்ஜத் முன்னாசனத்தில் உட்கார்ந்து, பல்லுக்குத்திக்கொண்டு வந்தான். பதுர்தீன்தான் ஓட்டினார். நுரைச்சோலையில் நிறுத்தினார். நேற்று விடுபட்ட பெண்கள் இன்று யாரையும் கேட்காமல் பின்னால் ஏறித் தொங்கினார்கள். கண்ணாடியில் ஹாஜராவின் முக்காடு பஸ்ஸுக்கு வெளியே காற்றில் அடித்தது. உரிந்த காலில் துணி சுற்றியிருந்தது. றிப்தி இரண்டு தட்டுத் தட்டினான். பதுர்தீனின் கை கியரில் இருந்தது. பிஸ்மிக்காக வாயைத் திறந்தார். வந்தது புளித்த ஏப்பம். றிப்தி இன்னும் இரண்டு தட்டினான்.

எஞ்சினை அணைக்காமல் அவர் எழுந்தார். அம்ஜத்தைப் பார்த்து, "நீ எடு," என்றார். இறங்கினார். உள்ளேயிருந்து ஏச்சுக்கள் வந்தன. பைத்தியம் என்றான் ஒருவன். அம்ஜத் பல்லுக்குத்தியைக் கடித்தபடியே ஆசனத்தில் நகர்ந்து உட்கார்ந்தான், ஏதோ இதற்காகவே காத்திருந்தவன்போல.

வீட்டுக்கு நடந்து போயிருக்கலாம். ஆனால் அவருடைய கால்கள் பஸ்ஸின் பின்பக்கம் போயின. மிதிபலகையில் கடைசிப் படி ஒன்று மிச்சமிருந்தது. அதில் ஏறி, முதுகைச் சாலைக்குக் காட்டி, இரண்டு கைகளையும் விரித்து இருபக்கச் சட்டங்களையும் பிடித்தார். பெண்கள் மேல் படாமல் உடம்பை வெளியே வளைத்துக்கொண்டார். வலது கைக்கு அகப்பட்டது அறுபட்ட பிணைச்சல். வெள்ளிக்கிழமை அவரே நின்று பற்றவைப்பித்த இரும்பு, உள்ளங்கையில் கத்தியாக ஏறியது.

மேல்படியில் நின்ற ஹாஜரா திரும்பிப் பார்த்தார். சிரிப்பா, ஏளனமா என்று தெரியவில்லை.

"இப்ப தம்பிதான் கதவா?"

"ஓம், தாத்தா."

"நல்லாப் பிடிச்சுக்கங்க. நேத்து அறுத்தெடுத்த கதவும் நல்ல கதவுதான்."

அம்ஜத் வெடுக்கென்று எடுத்தான். சரளை தெறித்தது. கருவாட்டு நாற்றமும் வியர்வையும் டீசல் புகையும் ஒன்றாக முகத்தில் மோதின. பதுர்தீன் மூச்சை அடக்கி, உதட்டுக்குள் பிஸ்மி சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் முன் ஜன்னலொன்றிலிருந்து வெற்றிலைத் துப்பல் காற்றில் பறந்து வந்து கன்னத்தில் விழுந்தது. அது கழுத்தால் மெல்ல இறங்கியது. துடைப்பதென்றால் ஒரு கையை எடுக்கவேண்டும். பாலாவி வரை அவர் எடுக்கவில்லை.